ஒன்றரை லட்சம் கிலோமீட்டருக்குப் பிறகு: எந்த வேலை இப்போது, எந்த வேலை வேண்டாம்?

வாகனம் – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை நிறைய ஓடிய கார்களைப் பற்றியவை. அவற்றுள் ஆறு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். முதல் கடிதம் எழுப்பும் கேள்வி ஏறக்குறைய எல்லோருடைய கேள்வியுமாக இருப்பதால், அதற்கான பதிலை மட்டும் சற்று விரிவாகவே தர வேண்டியிருக்கிறது.

ஐயா, 2012-இல் வாங்கிய என்னுடைய பெட்ரோல் ஹேட்ச்பேக் கார் இதுவரை 1,64,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வழக்கமான சர்வீஸுக்கு விட்டபோது 58,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீட்டைக் கொடுத்தார்கள். டைமிங் செயின், கிளட்ச் செட், நான்கு ஷாக் அப்சார்பர், இரண்டு லோயர் ஆர்ம், என்ஜின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் கிளீனிங், டீகார்பனைசிங், கூலன்ட், பிரேக் ஆயில், கியர் ஆயில், ஏ.சி. சுத்திகரிப்பு, அடிப்பாகப் பூச்சு என எல்லாமே அதில் இருக்கின்றன. காரோ நன்றாகத்தான் ஓடுகிறது. வேகத்தடை ஏறி இறங்கும்போது மட்டும் முன்பக்கத்தில் 'கடக்' என்றொரு சத்தம் கேட்கிறது. ஓய்வூதியத்தில் வாழும் நான் எதைச் செய்வது, எதை விடுவது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

உங்களிடம் கொடுக்கப்பட்ட தாளில் உயிரைக் காக்கும் வேலையும், தேய்ந்திருந்தால் மட்டுமே செய்ய வேண்டிய வேலையும், எந்தக் கையேடும் கேட்காத வேலையும் ஒரே அளவு எழுத்தில் வரிசையாக அச்சாகியிருப்பதுதான் குழப்பத்துக்குக் காரணம். ஆகவே மீண்டும் அந்த ஒர்க் ஷாப்புக்குச் செல்லும்போது, ஒவ்வொரு வரியையும் சுட்டிக்காட்டி, "இதை மாற்றச் சொல்வதற்கு நீங்கள் எதைப் பார்த்தீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். காரோடு வந்த கையேட்டின்படி இதற்கான காலம் வந்துவிட்டது என்று ஒரு பதில் வரலாம். அளந்தோம், கழற்றிப் பார்த்தோம், தேய்ந்திருக்கிறது என்று இன்னொரு பதில் வரலாம். இவ்விரண்டும் ஏற்கத்தக்கவை. "வண்டிதான் இவ்வளவு ஓடிவிட்டதே" என்பது மட்டும் ஒரு காரணமே அல்ல.

உங்கள் தாளில் நான் தயங்காமல் ஒப்புக்கொள்ளும் முதல் வரி பிரேக் ஆயில். மூடியிருக்கும் அமைப்பிலும் ஹோஸ்களின் வழியாகச் சிறிது சிறிதாக ஈரத்தை இழுத்துக்கொள்ளும் திரவம் அது. டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் கலந்த பிறகு அந்த எல்லை 140 டிகிரி வரை இறங்கிவிடலாம். டாட் 4 வகைக்கு இந்த எண்கள் 230, 155. கும்பகோணத்துத் தெருக்களில் இந்த வேறுபாட்டை நீங்கள் ஒருபோதும் உணர மாட்டீர்கள். ஆனால் ஒரு கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காட்டுக்கோ வால்பாறைக்கோ சென்று, கொண்டை ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும்போது, பிரேக் பேடை அழுத்தும் காலிப்பரில் ஏறும் வெப்பத்தில் அந்த ஈரம் ஆவியாகி, பெடல் பஞ்சு போல அமுங்கி, அழுத்தம் சக்கரத்துக்குப் போகாமலே நின்றுவிடக்கூடும். அதற்கு முன்னறிவிப்பு எதுவும் இராது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும். செலவும் உங்கள் மதிப்பீட்டில் மிகச் சிறிய பங்குதான்.

அடுத்தது கூலன்ட். இதைப் பற்றி நான் அதிகம் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் பழைய கார்களின் என்ஜின்கள் கிலோமீட்டர் கூடியதால் கெடுவதைவிடச் சூடேறிக் கெடுவதையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கூலன்ட் என்பது கொதிநிலையை உயர்த்தும் திரவம் மட்டும் அன்று. ரேடியேட்டரின் அலுமினியமும் என்ஜினின் உட்புற நீர்வழிகளும் அரிக்காமல் காக்கும் பொருள்கள் அதில் கலந்திருக்கின்றன. அவை சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும்; நிறம் மாறாமலே கூடத் தீரும். அளவு குறையும்போதெல்லாம் போர் தண்ணீரை ஊற்றி நிரப்பியிருந்தால், தேநீர்க் கெட்டிலின் அடியில் படிவதைப் போன்ற வெள்ளைச் சுண்ணாம்புப் படிவு ரேடியேட்டரின் நுண்குழாய்களுக்குள்ளும் படிந்திருக்கும். எனவே கூலன்டை மாற்றும்போது கேள்வியை அதோடு நிறுத்திவிடாதீர்கள். என்ஜின் முழுவதும் ஆறிய பிறகு மேல் ஹோஸையும் கீழ் ஹோஸையும் கையால் அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். கல்லாக இறுகியிருந்தாலோ, கிளாம்ப் அருகே உப்பியிருந்தாலோ, வெடிப்பு தெரிந்தாலோ மாற்றிவிட வேண்டும். ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் அமைப்புக்குள் அழுத்தம் நிற்காது. அழுத்தம் நிற்காவிட்டால் கூலன்ட் முன்னதாகவே கொதிக்கும். விசிறி சரியான நேரத்தில் சுழலத் தொடங்குகிறதா என்பதையும் பாருங்கள்.

இன்னொன்றையும் கேட்டே தீர வேண்டும்: தெர்மோஸ்டாட் வால்வு உள்ளே இருக்கிறதா? "நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று சொல்லி அதைக் கழற்றி எறியும் பழக்கம் சில பட்டறைகளில் இன்னும் இருக்கிறது. அந்த வால்வு இல்லாத என்ஜின் தனக்குரிய வெப்பத்தை எட்ட நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. என்ஜின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதும் கட்டுப்பாட்டுக் கணினி பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்துகிறது. மைலேஜ் குறைவதோடு, எரியாத பெட்ரோலும் ஈரமும் ஆயிலில் கலந்து அதைக் கெடுக்கின்றன.

சில ஆண்டுகளுக்கு முன் என்னுடைய சொந்தக் காரில் ஒரு ஹோஸ் லேசாக உப்பியிருந்ததை நானே பார்த்தேன். அடுத்த சர்வீஸில் மாற்றிக்கொள்ளலாம் என்று ஒத்திப் போட்டேன். உளுந்தூர்ப்பேட்டையைத் தாண்டியதும் அது கிழிந்தது. ஓரமாக நிறுத்த இடம் தேடிய அந்தச் சில நிமிடங்களிலேயே என்ஜினின் மேல்மூடியான அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்து, ஹெட் கேஸ்கெட்டும் போயிற்று. சில நூறு ரூபாயில் முடிந்திருக்க வேண்டிய வேலைக்கு 31,000 ரூபாய் கொடுத்தேன். வெப்பமானியின் முள் ஏறத் தொடங்கிய உடனே, எந்த இடமாக இருந்தாலும் என்ஜினை அணைத்துவிட வேண்டும் என்று அன்றிலிருந்து கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

இனி, தேய்ந்திருந்தால் மட்டும் செய்ய வேண்டியவை. 'கடக்' சத்தத்துக்கு, சக்கரத்தைக் காரின் கீழ்ச்சட்டத்தோடு இணைக்கும் இரண்டு லோயர் ஆர்ம்களையும் நான்கு ஷாக் அப்சார்பர்களையும் சேர்த்து மாற்றச் சொல்வது, நோயைக் கண்டறியாமல் மருந்துக் கடையையே வாங்கச் சொல்வதாகும். காரைத் தூக்கி நிறுத்தி, ஒரு கடப்பாரைத் துண்டால் ஒவ்வொரு மூட்டையும் நெம்பிப் பார்த்தால், ஆட்டம் எங்கே இருக்கிறது என்பது கால் மணி நேரத்தில் தெரிந்துவிடும். இத்தகைய சத்தத்துக்குப் பல நேரங்களில் காரணமாக இருப்பது, வளைவில் கார் அதிகம் சாயாமல் தடுக்கும் ஸ்டெபிலைசர் பட்டையின் லிங்க் ராடு என்னும் விலை குறைந்த சிறு உறுப்புதான். லோயர் ஆர்மில் ரப்பர் புஷ் மட்டும் கிழிந்திருந்தால், பல மாடல்களில் புஷ்ஷை மட்டும் அழுத்திப் பொருத்திக்கொள்ளலாம். பால் ஜாயின்டிலேயே ஆட்டம் இருந்தால் மட்டும் தள்ளிப்போடாதீர்கள், ஏனெனில் அது கழன்றால் சக்கரமே மடங்கிவிடும். ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து வழிந்திருக்கிறதா, ஒரு பள்ளத்துக்குப் பிறகும் கார் இரண்டு மூன்று முறை குதிக்கிறதா, டயர் அலை அலையாகத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். மாற்ற வேண்டியிருந்தால் முன் ஜோடி, பின் ஜோடி என்று ஜோடியாக மாற்றுங்கள். நான்கையும் ஒரே நாளில் மாற்றியாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

கிளட்சை நீங்களே சோதித்துவிடலாம். ஆளில்லாத சமதளச் சாலையில் நான்காவது கியரில் மெதுவாகச் சென்றுகொண்டிருக்கும்போது ஆக்சிலரேட்டரை முழுவதுமாக மிதியுங்கள். என்ஜினின் இரைச்சல் திடீரென்று உயர்ந்தும் காரின் வேகம் அதனோடு உயரவில்லை என்றால் கிளட்ச் வழுக்குகிறது என்று பொருள். வழுக்கலும் இல்லை, அதிர்வும் இல்லை, பெடலும் கனக்கவில்லை என்றால் 1,64,000 கிலோமீட்டர் ஓடிய கிளட்சும் நல்ல கிளட்ச்தான். என்றைக்கு மாற்றினாலும் டிஸ்க், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். செலவின் பெரும்பகுதி கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலியில்தான் இருக்கிறது. இறக்கிய நிலையில் கிராங்க் ஷாஃப்டின் பின்பக்க ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

வால்வுகளைத் திறந்து மூடும் கேம் ஷாஃப்டை, பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டோடு இணைப்பது டைமிங் செயின். அதற்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் குறிப்பிட்ட மாற்று இடைவெளி எதையும் விதிப்பதில்லை. ஆயிலை ஒழுங்காக மாற்றி வந்த என்ஜினில் அது என்ஜினின் ஆயுள்வரை உழைக்கக்கூடியது; ஆயிலைப் புறக்கணித்த என்ஜினில்தான் அது நீண்டு தளர்கிறது. காலையில் முதன்முதலாக ஸ்டார்ட் செய்தவுடன் என்ஜினின் பக்கவாட்டிலிருந்து சில விநாடிகள் சங்கிலி உரசும் கரகரப்பு கேட்டாலோ, ஸ்கேனரில் கேம், கிராங்க் நிலைகள் பொருந்தவில்லை என்ற பிழைக் குறியீடு வந்தாலோ அதைப் பிரிக்கலாம். இரண்டும் இல்லாதபோது தொட வேண்டியதில்லை.

மிச்சமுள்ள வரிகளைச் சுருக்கமாக முடித்துவிடலாம். என்ஜின் ஃப்ளஷ், காலத்தில் ஆயில் மாற்றப்பட்ட என்ஜினுக்குத் தேவையற்றது. மாற்றப்படாத என்ஜினில் அதுவே ஆபத்தாகவும் முடியலாம்: உள்ளே படிந்த கசடு ஒரே வேகத்தில் பெயர்ந்து, ஆயிலை உறிஞ்சும் வலையை அடைத்துவிட வாய்ப்பு உண்டு. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். அடியில் தார் போன்ற கறுப்புப் பசை தெரிந்தால், நல்ல ஆயிலையும் ஃபில்டரையும் 3,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு மூன்று முறை மாற்றி மெதுவாகக் கரைப்பதே பாதுகாப்பான வழி. இன்ஜெக்டர் கிளீனிங்கும் டீகார்பனைசிங்கும் (என்ஜினுக்குள் படிந்த கரியை நீக்குவது) நின்ற நிலையில் என்ஜினின் ஓட்டம் தடுமாறும்போதோ, இழுவையும் மைலேஜும் குறைந்து வேறு காரணம் கிடைக்காதபோதோ யோசிக்க வேண்டியவை. நீங்கள் எழுதியுள்ளபடி நன்றாக ஓடும் காருக்கு வேண்டாம். கியர் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினோம் என்பது நினைவில் இல்லை என்றால் மாற்றிவிடுங்கள். ஏ.சி. சுத்திகரிப்புக்குப் பதிலாக, உங்கள் மாடலில் கேபின் ஃபில்டர் இருந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். கடற்கரையிலிருந்து தள்ளி இருக்கும் பன்னிரண்டு வயதைக் கடந்த காருக்கு அடிப்பாகப் பூச்சு எதற்கு? ஏற்கெனவே துருவேறிய இடத்தின்மீது பூசினால் அது துருவைக் கண்ணிலிருந்து மறைப்பதற்குத்தான் உதவும்.

அந்தத் தாளில் என்னை மிகவும் வருத்தியது இருப்பதைவிட இல்லாததுதான். டயர், பிரேக் பேட், ஸ்டியரிங்கின் டை ராடு எண்டு, ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் வெளிப் பெல்ட் ஆகியவற்றைப் பற்றி அதில் ஒரு சொல்கூட இல்லை. இந்த நான்கையும் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரேக் ஆயில், கூலன்ட், சோதனையில் தேறாத ஹோஸ்கள், சத்தத்துக்குக் காரணமான அந்த ஒரே உறுப்பு, அதை மாற்றியபின் வீல் அலைன்மென்ட் ஆகியவற்றோடு வழக்கமான ஆயில் சர்வீஸையும் இந்த மாதம் செய்துகொண்டால், உங்களுக்குச் சொல்லப்பட்ட தொகையின் ஒரு பகுதியிலேயே காரியம் முடிந்துவிடும்.

2009-ஆம் ஆண்டுக் கார் ஒன்றை இரண்டாம் கையாக வாங்கியிருக்கிறேன். 1,12,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. டைமிங் பெல்ட் மாற்றப்பட்டதா என்பது விற்றவருக்கே தெரியவில்லை. எங்கள் மெக்கானிக்கோ, "சத்தம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். காத்திருக்கலாமா?
– துணிக்கடை உரிமையாளர், விருதுநகர்

காத்திருக்கக் கூடாது. செயினைப் போலன்றி, ரப்பராலான பெல்ட் பெரும்பாலும் சத்தம் கொடுக்காமலே அறுந்துவிடும். அது அறுந்த கணத்தில் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும், ஆனால் பிஸ்டன்கள் தொடர்ந்து மேலெழும். வால்வும் பிஸ்டனும் ஒரே இடத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் வகையில் அமைந்த என்ஜின்களில் அவை ஒன்றோடொன்று மோதி, வால்வுகள் வளைந்து, ஹெட்டையே கழற்ற வேண்டிய நிலை வரும்.

முதலில் உங்கள் காரில் இருப்பது பெல்ட்டா செயினா என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒரே பெயருள்ள காரிலேயே இது மாறும். ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங்கிலும் 1.1 லிட்டர் ஐ10-இலும் பெல்ட் உண்டு. அதே ஐ10-இன் 1.2 லிட்டர் கப்பா என்ஜினில் இருப்பது செயின். மாருதி 800-இலும் பழைய ஆல்டோவின் 800 சிசி என்ஜினிலும் பெல்ட். ஸ்விஃப்டின் கே வரிசைப் பெட்ரோல் என்ஜினிலும் 1.3 லிட்டர் டீசல் என்ஜினிலும் செயின். முதல் தலைமுறை இன்னோவாவின் 2.5 லிட்டர் டீசல் என்ஜினில் பெல்ட்தான்.

பெல்ட்டாக இருந்து, மாற்றியதற்கான பில்லும் இல்லை என்றால், மாற்றப்படவில்லை என்றே கருதி உடனே மாற்றுங்கள். கிலோமீட்டர் குறைவாக இருந்தாலும் ரப்பருக்கு வயது என்று ஒன்று உண்டு. உங்கள் கார் அந்த வயதை என்றோ கடந்துவிட்டது. பெல்ட்டோடு, அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரையும் அது உருண்டு செல்லும் ஐட்லர் பேரிங்கையும் மாற்றுங்கள். வாட்டர் பம்ப் அதே பெல்ட்டால் சுழல்வதாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லையேல் ஓராண்டில் பம்ப் கசிந்து, அதே கூலியை மீண்டும் கொடுக்க நேரலாம். வேலை முடிந்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு சீட்டில் எழுதி, பானட்டின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அடுத்து இந்தக் காரை வாங்குபவர் உங்களைப் போலத் தவிக்க வேண்டியிராது.

1,85,000 கிலோமீட்டர் ஓடிய என் பெட்ரோல் காரில், 3,000 கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. புகை கண்ணுக்குத் தெரியவில்லை. என்ஜினைப் பிரித்துப் போர் செய்ய (சிலிண்டரின் உட்சுவரைக் கடைய) வேண்டும் என்று 45,000 ரூபாய் கேட்கிறார்கள்.
– தறி உரிமையாளர், சென்னிமலை

இந்த அளவுக் குறைவுக்காக ஓடும் என்ஜினைப் பிரிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆயில் எரிகிறதா, வெளியே கசிகிறதா என்பதே இன்னும் உங்களுக்குத் தெரியாதபோது, போர் செய்யும் பேச்சு எப்படி எழும்? இரவு கார் நிற்கும் இடத்தில் அட்டையை விரித்து வையுங்கள். டாப்பெட் கவரின் கேஸ்கெட், ஆயில் ஃபில்டர் பொருந்தும் இடம், கிராங்க் சீல் ஆகிய இடங்களைத் துடைத்துவிட்டு, ஒரு வாரம் கழித்துப் பாருங்கள். கிராங்க் கேஸின் ஆவியை வெளியேற்றும் சிறிய பி.சி.வி. வால்வு அடைபட்டிருந்தாலும் ஆயில் குறையும். அதன் விலை மிகக் குறைவு.

கசிவு இல்லை என்றால், புகையைக் காலையிலும் இறக்கத்திலும் பார்க்க வேண்டும். இரவு முழுவதும் நின்ற காரை ஸ்டார்ட் செய்யும்போதோ, ஓர் இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மீண்டும் மிதிக்கும்போதோ நீலப் புகை எழுந்து மறைந்தால், அது, வால்வுத் தண்டின் வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் வால்வு ஸ்டெம் சீல்களின் தேய்மானத்தைக் காட்டுகிறது. பல என்ஜின்களில் அவற்றை முழு என்ஜினையும் பிரிக்காமலே மாற்றலாம். பாரம் ஏற்றி இழுக்கும்போது தொடர்ந்து நீலப் புகை வந்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளைச் சந்தேகிக்கலாம். அப்போதும், சிலிண்டருக்குள் எழும் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனை செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது. நான்கு சிலிண்டர்களின் அழுத்த அளவும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்பதே முக்கியம். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்திருந்தால், அதில் சிறிதளவு ஆயிலை விட்டு மீண்டும் அளந்து பார்ப்பார்கள். அளவு உயர்ந்தால் ரிங், உயராவிட்டால் வால்வு.

அதுவரை செய்ய வேண்டியது எளிது: 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, சமதளத்தில், என்ஜின் ஆறிய நிலையில் டிப்ஸ்டிக்கைப் பார்த்து, குறைந்ததை அதே தரமுள்ள ஆயிலால் நிரப்புங்கள். ஆயில் குறைவதால் உடனடியாக என்ஜின் கெடுவதில்லை. குறைந்ததைக் கவனிக்காமல் ஓட்டுவதால்தான் கெடுகிறது. சர்வீஸுக்குச் சர்வீஸ் மட்டுமே பானட்டைத் திறக்கும் பழக்கம் உள்ளவர்களின் என்ஜின்களே பெரும்பாலும் இப்படிப் போகின்றன.

எங்கள் ஆட்டோமேட்டிக் கார் 1,05,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கியர்பாக்ஸ் ஆயில் ஆயுள் முழுவதற்கும் போதுமானது என்று ஒருவரும், உடனே மாற்ற வேண்டும் என்று இன்னொருவரும் கூறுகிறார்கள்.
– வங்கி ஊழியர், சென்னை

சென்னைப் போக்குவரத்தில் நின்று நின்று நகரும் டார்க் கன்வர்ட்டர் (திரவத்தின் வழியாக விசையைக் கடத்துவது) அல்லது சி.வி.டி. (கப்பிகளால் படிகளின்றி வேகவிகிதம் மாறுவது) வகைக் கியர்பாக்ஸுக்குள் ஆயில் எப்போதும் சூட்டிலேயே கிடக்கிறது. அதற்கு முடிவற்ற ஆயுள் உண்டு என்பதை நான் ஏற்கவில்லை. கையேட்டில் கடினமான பயன்பாட்டுக்கென்று தனி இடைவெளி தரப்பட்டிருந்தால், அதுவே உங்களுக்குரியது. உங்கள் மாடலுக்கென்று குறிப்பிடப்பட்ட திரவத்தை மட்டுமே ஊற்ற வேண்டும். இதில் "அதற்கு இணையானது" என்ற சொல்லை ஏற்காதீர்கள். இயந்திரத்தின் அழுத்தத்தால் முழுவதையும் ஒரேயடியாகத் தள்ளி மாற்றுவதைவிட, வடித்து நிரப்பி, சில ஆயிரம் கிலோமீட்டருக்குப் பின் மீண்டும் ஒருமுறை வடித்து நிரப்புவது நிறைய ஓடிய கியர்பாக்ஸுக்கு ஏற்றது. உங்களுடையது ஏ.எம்.டி. என்றால் இது பொருந்தாது. அது, கிளட்சையும் கியரையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி இயக்கும் சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதற்கு வழக்கமான கியர் ஆயிலோடு, கிளட்சை இயக்கும் ஆக்சுவேட்டரின் திரவத்தையும் பார்க்க வேண்டும்.

என் 2011 மாடல் பெட்ரோல் கார் 1,30,000 கிலோமீட்டர் ஓடியது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டதால், எரிபொருள் அமைப்பு முழுவதையும் மாற்ற வேண்டுமா?
– கல்லூரி விரிவுரையாளர், திருநெல்வேலி

முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. இ20 பெட்ரோலைத் தாங்கும் பொருள்களால் கார்கள் செய்யப்பட வேண்டும் என்ற ஏற்பாடு 2023 ஏப்ரல் முதல்தான் வந்தது. எனவே உங்கள் காரின் ரப்பர் ஹோஸ்களும் ஓ-ரிங்குகளும் அதை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை அல்ல. அவற்றுக்கு இப்போது வயதும் ஆகிவிட்டது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை எரிபொருள் ஹோஸ்களில் வெடிப்பு, பிசுபிசுப்பு, பெட்ரோல் வாடை ஆகியவை இருக்கின்றனவா என்று பார்த்து, ஐயமுள்ள துண்டை மட்டும் மாற்றுங்கள். எத்தனாலுக்கு ஈரத்தை ஈர்க்கும் தன்மை இருப்பதால் டாங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் தேக்கி வைக்காதீர்கள். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலைவிட ஆற்றல் குறைவு என்பதால் மைலேஜ் சிறிது இறங்குவது இயல்பு. அந்த இறக்கத்தைக் காட்டி இன்ஜெக்டர் வேலை செய்யச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். என்ஜின் அறையிலிருந்து பெட்ரோல் வாடை வந்தால் மட்டும் ஒரு நாளும் பொறுக்கக் கூடாது.

2011-ஆம் ஆண்டு டீசல் செடான், 2,38,000 கிலோமீட்டர். இன்ஜெக்டர்கள், டர்போ, கிளட்ச் ஆகியவற்றுக்கு 85,000 ரூபாய் ஆகும் என்கிறார்கள். விற்றால் 1,40,000 ரூபாய்தான் கிடைக்கும். செலவழிப்பதா, விற்பதா?
– கட்டட ஒப்பந்ததாரர், நாகர்கோவில்

காரின் சந்தை விலையோடு பழுதுச் செலவை ஒப்பிடுவது பரவலான வழக்கம் என்றாலும் எனக்கு அது சரியாகப் படவில்லை. விற்கப்போகிறவருக்குத்தான் சந்தை விலை முக்கியம். வைத்திருக்கப்போகிற உங்களுக்கு, இந்த 85,000 ரூபாய் எத்தனை ஆண்டு ஓட்டத்தைத் தரும், அதே ஆண்டுகளில் இன்னொரு காருக்குக் கட்டும் தவணை எவ்வளவு என்பதுதான் கணக்கு. மூன்று ஆண்டுகள் கிடைக்கும் என்றால் மாதத்துக்கு ஏறக்குறைய 2,400 ரூபாய் ஆகிறது; இந்தத் தொகைக்கு எந்தக் காரின் தவணையும் அடங்காது.

ஆனால் அந்த 85,000 என்பதே உறுதியான எண்ணா என்று முதலில் பாருங்கள். நான்கு இன்ஜெக்டர்களையும் கழற்றி டீசல் பம்ப் பட்டறையில் சோதித்தால், திரும்பி வழியும் டீசலின் அளவைக் கொண்டு எது கெட்டது என்பது தனித்தனியாகத் தெரியும். ஒன்றோ இரண்டோ மட்டும் கெட்டிருக்கலாம். டர்போ கெட்டுவிட்டது என்று சொல்லப்படும் கார்களில் சிலவற்றில் உண்மையில் கிழிந்திருப்பது, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் ஹோஸ். இழுவை குறைந்து, கறுப்புப் புகையோடு காற்றுச் சீறும் ஒலியும் கேட்டால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும். டர்போவின் தண்டைக் கையால் அசைத்து, ஆட்டம் இருக்கிறதா, சிறகுகள் உறையில் உரசிய தடம் உண்டா என்று பார்த்த பிறகே அதைக் குற்றம் சொல்லலாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது உங்கள் ஊர். கடற்காற்றில் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் நின்ற கார் அது. செலவைப் பற்றி முடிவெடுக்கும் முன், காரை லிஃப்டில் ஏற்றி, ஜாக்கி வைக்கும் விளிம்புகள், என்ஜினையும் சக்கர அமைப்பையும் தாங்கும் சப்ஃபிரேம் பொருந்தும் இடங்கள், முன்பக்க ஷாக் அப்சார்பரின் மேல்முனை அமர்ந்திருக்கும் தகடு ஆகிய இடங்களை ஒரு ஸ்க்ரூடிரைவரால் அழுத்திப் பாருங்கள். கதவின் கீழ் விளிம்பிலோ மட்கார்டிலோ உள்ள துரு அழகைக் கெடுப்பதோடு நிற்கும். நான் சொன்ன இடங்களில் ஸ்க்ரூடிரைவர் உள்ளே இறங்கினால், என்ஜின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அந்தக் காரில் ஒரு ரூபாயும் போடாதீர்கள். என்ஜினையும் கியர்பாக்ஸையும் மாற்ற முடியும். மோதலில் உங்களைக் காக்க வேண்டிய கூட்டை அப்படி மாற்றிவிட முடியாது.

கூடு உறுதியாக இருந்தால், ஆர்.சி. புத்தகத்தில் உள்ள தேதியையும் பாருங்கள். சொந்தப் பயன்பாட்டுக் கார்களின் பதிவு 15 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அதன்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் வாகனத்தைச் சோதனைக்குக் காட்டி, ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் இதற்கான மத்தியக் கட்டணம் 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது; பசுமை வரி தனி. அந்தச் சோதனையில் பிரேக், விளக்கு, புகை எல்லாவற்றையும் பார்ப்பார்கள் என்பதால், எப்படியும் செய்ய வேண்டிய இன்ஜெக்டர் வேலையைப் புதுப்பிக்கும் நாளுக்குச் சற்று முன்னதாக வைத்துக்கொண்டால், ஒரே செலவில் இரண்டு காரியமும் முடியும்.